தலைமன்னார் வண்டியில் ஒரு பிடி மண்

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்பு மகள் சாம்பவிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், அதைத்தான் முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அடுத்த வரியில் இங்கே நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும், நாங்கள் என்ற சொல்லிலேயே பேனை நின்றுவிடுகிறது, ஆகவே அதை விட்டுவிடுகிறேன். காய்ச்சல் இருமல் ஒன்றும் இல்லை, பிரஷர் பார்த்தேன், சரியாக இருக்கிறது, வேலைக்குப் போய் வருகிறேன். போனில் சொல்லலாமே, ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன கிழமை நீ அழுது அழுது சொன்னபோது சாப்பிட்டியா பிள்ளை என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன், பிறகு நீ எடுத்தபோதும் நான் எடுக்கவில்லை. வீடியோவில் உன் நெற்றியும் புருவமும் அப்படியே அம்மா, அதைப் பார்த்துக்கொண்டு என்னால் கதைக்க முடியாது. கீழ்வீட்டு சிவக்கொழுந்து அன்ரியின் மகன் லீவு முடிந்து வியாழக்கிழமை அடிலெய்டுக்குத் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூட ஒரு சின்னப் பார்சலும் இருக்கிறது, கடிதத்தை வாசித்து முடிக்கு முன்னம் அதைத் திறக்காதே.

நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, அம்மா தந்துவிட்ட மடு மாதா கோயில் மண்ணை அங்கே எயார்போர்ட்டில் வாங்கி எறிந்துவிட்டார்கள், அதை அம்மாவிடம் சொல்லாமல் மறைத்துவிட்டாய், அதனால்தான் அம்மாவுக்கு இப்படி வந்தது என்று. மற்றது, நர்சிங் படிப்பை நிற்பாட்டிவிட்டு இந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுகிறாய் என்று. இரண்டுக்கும் பதில் எழுதத்தான் குந்தியிருக்கிறேன். ஆனால் வீட்டுச் செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியில் நிறுத்திவிட்டு அப்பா சாப்பிடுகிறாரோ என்று கடைசிப் பக்கத்தில் தேடுவாய்.

சாப்பிடுகிறேன். விடிய பாணும் சம்பலும், மத்தியானம் கந்தோர் கன்ரீன், இரவுக்கு சிவக்கொழுந்து அன்ரி ஏதாவது கொடுத்துவிடுவா. முந்தநாள் அவ மேலே ஏறி வந்து, தம்பி, கறி உப்போ எண்டு கேட்டாலும் ஓம் எண்டுறீர், உப்பில்லையோ எண்டு கேட்டாலும் ஓம் எண்டுறீர், நாக்கை எங்க வைச்சிட்டு வந்தனீர் என்று பேசிவிட்டுப் போனா. அனுஜன் மாமா சனிக்கிழமைகளில் விடியவே பேலியகொடைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வருகிறார், அவரே வெட்டி அவரே சமைத்து எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, அத்தான், பிளேட் முடியும் வரைக்கும் நான் எழும்ப மாட்டன், ஹாபர் வேலைக்கு எனக்கு இண்டைக்கு லீவுதான் என்கிறார். அக்கா போனதை அவர் சத்தம் போட்டு அழுது ஆற்றுகிறார், எனக்கு அந்த வழி தெரியவில்லை. மாநகரசபையிலிருந்து டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்க வந்தார்கள், எல்லாம் முடிந்து கிழமைக் கணக்காகிய பிறகு. பூச்சாடித் தட்டுகளில் தண்ணீர் தேங்கி இருக்கிறதா என்று பல்கனியில் பார்த்தார்கள், ஒன்றிலும் இல்லை, அம்மா ஒரு நாளும் தேங்க விட்டதில்லை என்று உனக்குத் தெரியும். எந்த நுளம்பு, எங்கே இருந்தது, ஒருவருக்கும் தெரியாது. கரையோர ரயில் முன்போலத்தான் ஓடுகிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அதிர்வை வைத்தே இது அளுத்கம வண்டி, இது மாத்தறை வண்டி என்று அம்மா குசினியிலிருந்து சொல்லுவா, நான் ரயில்வேயில் சிக்னல் வேலை செய்கிறவன், எனக்கே பிடிபடாது, எட்டிப் பார்த்தால் அவ சொன்னதுதான் சரியாக இருக்கும். இப்போது என்ன வண்டி போகிறது என்று நான் எட்டிப் பார்ப்பதில்லை.

கந்தோரில் எல்லோரும் நல்லவர்கள். என்னைப் பற்றி, உமாசுதன் தாங்கிக்கொண்டுவிட்டான், டெக்னிக்கல் ஆள், மூளையால் யோசிக்கிறவன் என்று கதைக்கிறார்கள் போல. எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது, கரண்ட் நின்றால், வயர் அறுந்தால், எது பிழைத்தாலும் சிக்னல் தானாகச் சிவப்புக்கு விழ வேண்டும், அப்படித்தான் அமைத்திருக்கிறோம், சிவப்பு விழுந்தால் ஆபத்தில்லை, வண்டி நிற்கும், அவ்வளவுதான். அம்மாவின் சவப்பெட்டியை மூடிய நேரத்திலிருந்து நான் அப்படித்தான் இருக்கிறேன். நான் தைரியசாலி என்று நீ ஆரிடமும் சொல்லாதே, நான் நிற்கிறேன், அவ்வளவுதான்.

இனி மண் கதை. நீ சொன்னதை நான் விளங்கிக்கொண்டது இது. விமானத்தில் தந்த கார்ட்டில் மண் கொண்டுவருகிறாயா என்று ஒரு கேள்வி இருந்தது, நீ ஓம் என்று அடையாளம் போட்டாய், அந்த அதிகாரி அம்மா மண் போட்டுத் தந்த சித்தாலேபத் தைலப் போத்தலைத் திறந்து பார்த்துவிட்டு, சொறி என்று சொல்லித் தொட்டிக்குள் போட்டாள். நீ பொய் அடையாளம் போட்டிருந்தால் போத்தல் தப்பியிருக்கும் என்று இப்போது அழுகிறாய். பிறகு அம்மா ஒவ்வொரு ஞாயிறும், மண்ணை எங்க வைச்சிருக்கிறாய், ஈரம் படாமப் பாரு என்று கேட்கக் கேட்க நீ உன்னுடைய தலையிடிக்குப் பூசுகிற சித்தாலேபப் போத்தலையே வீடியோவில் தூரத்தில் பிடித்துக் காட்டினாய். அம்மா அதைப் பார்த்து நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டதை நானும் பக்கத்தில் இருந்து பார்த்தவன். இதை ஒன்றரை வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறாய், மூன்று மாதத்துக்கு முன்னம் அம்மாவுக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரியில் வைத்தபோதும் அதைத்தான் நினைத்திருக்கிறாய், எனக்குத் தெரியாமல் போய்விட்டது. உனக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் அந்த லைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்து வாசி.

தலைமன்னார் லைனில் நீ ஒரு நாளும் போனதில்லை. மடுவுக்குப் போவோம் என்று அம்மா கேட்கிற நேரமெல்லாம் உனக்கு டியூசன், ஓ.எல். முடிந்து ஏ.எல்., அது முடிய நீ வெளிநாட்டுக்குப் போய்விட்டாய். மதவாச்சியில் யாழ்ப்பாண லைனிலிருந்து இடப்பக்கம் பிரிந்து போகிற ஒற்றை லைன். செட்டிகுளம், மடு றோட், முருங்கன் என்று காடும் குளக்கட்டும் வயலுமாகப் போகும், பிறகு மரங்கள் குட்டையாகிக்கொண்டே வந்து சட்டென்று இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் பாலம், அங்கால் மன்னார்த் தீவு. தீவுக்குள் உப்புத் தரவையும் பனையும் கழுதைகளும், காலம் சரியென்றால் தண்ணீருக்குள் பூநாரைகள் நிற்கும், பேசாலை தாண்டக் கருவாட்டு வாடை ஜன்னலால் வரும், கடைசியில் தலைமன்னார் துறை. தண்டவாளம் கடலுக்கு முன்னால் முடிந்துவிடும். வெள்ளைக்காரன் இதை மன்னாருக்காகப் போடவில்லை, இந்தியாவுக்காகப் போட்டான். கொழும்புக் கோட்டையில் இரவு ஏறினால் விடியத் துறையில் இறங்கிக் கப்பலில் அந்தப் பக்கம் தனுஷ்கோடிக்குப் போய் அங்கே நிற்கிற ரயிலில் மெட்றாசுக்குப் போகலாம், எல்லாவற்றுக்கும் ஒரே ரிக்கற். தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுவந்ததும் இந்த வழி, பிறகு அவர்களில் பாதிப் பேரைத் திருப்பி ஏற்றி அனுப்பியதும் இந்த வழி, துறையில் நின்று அழுத சனத்தைப் பற்றிப் பழைய றெயில்வே ஆட்கள் சொல்லுவார்கள். ஒரு புயலில் தனுஷ்கோடி அழிந்துபோனது, கப்பல் ராமேஸ்வரத்துக்கு ஓடியது, பிறகு சண்டையில் கப்பல் நின்றது, ரயிலும் நின்றது. தண்டவாளம் பங்கர் கட்டப் போனது, சிலிப்பர்க் கட்டைகளும் போயின, ஸ்டேசன்களுக்குள் காடு முளைத்தது. எல்லாம் முடிந்து திரும்பப் போட்டபோது சிக்னல் சோதிக்கப் போனவர்களில் நானும் ஒருவன், நீ அப்போது சின்னப் பிள்ளை, வீட்டுக்கு வரும்போதெல்லாம் கழுதை படம் கேட்பாய். எல்லாம் புதுசாக இருந்தது, கடைசிச் சிக்னல்வரை பச்சை எரிந்தது, கப்பல் மட்டும் இல்லை. வேறு தேசத்துக்குப் போவதற்கென்று போட்ட லைன், இப்போது கடல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வருகிறது. அந்த நேரம் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு இது மடு லைன், வேறு பெயர் இல்லை. அம்மா பிறந்த கொட்டாஞ்சேனை ஆட்கள் ஆவணித் திருநாளுக்குப் பானை சட்டி பாயோடு ரயிலேறி மடு றோட்டில் இறங்கி மாதாவிடம் போவார்கள், வரும்போது ஒரு பிடி மண் கொண்டுவருவார்கள். பாம்பு கடித்தாலும் அந்த மண் காக்கும் என்பார்கள். அம்மாவின் வீட்டில் பிள்ளைப்பேறுக்குப் போகிறவளுக்கும் கப்பலேறுகிறவனுக்கும் அதில் கொஞ்சம் கொடுத்துவிடுவார்கள், ஆராவது செத்தால் பெட்டிக்குள் ஒரு விரலால் தூவுவார்கள். நான் வெள்ளவத்தையில் பிள்ளையாரைக் கும்பிட்டு வளர்ந்தவன், இதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை, சாமிப்படத் தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாதா வந்தபோதும் ஒன்றும் சொன்னதில்லை.

நீ வெளிக்கிடுவதற்கு முந்தின தை மாதம், நீ விசாவுக்கு அலைந்த நேரம், அம்மாவும் நானும் மடுவுக்குப் போய்வந்தோம் என்று உனக்குத் தெரியும். அதில்தான் விஷயம் இருக்கிறது. நாங்கள் மடுவுக்குப் போகவில்லை. வண்டி செட்டிகுளத்தில் நின்றுவிட்டது, அடுத்த ஸ்டேசன்தான் மடு றோட். இரவு முழுக்கப் பேய்மழை. ஸ்டேசன் மாஸ்டர் ராசிக், மன்னார் ஆள், என்னைத் தெரிந்தவர், நாங்கள் இருந்த ரயில் பெட்டிக்குக் கிட்ட வந்து, சேர், நீங்க டிப்பார்ட்மென்ட் ஆள்தானே, ஒருக்கா வந்து பாருங்க, நான் போவேலாது எண்டு சொன்னா சனம் என்னத்தான் ஏசுது என்று கூட்டிக்கொண்டு போனார். லைனோடு நடந்து போய்ப் பார்த்தோம். ஒரு மதகடியில் தண்ணீர் தண்டவாளத்துக்கு மேலால் போகிறது, கீழே கல்லெல்லாம் அடித்துக்கொண்டு போய்த் தண்டவாளம் கொடிக்கயிறு மாதிரித் தொங்குகிறது. போக முடியாது என்று நான்தான் சொன்னேன், ஆரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். றோட்டும் தண்ணீருக்குள், பஸ்ஸும் இல்லை. திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவ பெட்டியில் இருந்த சனத்துக்கு எல்லாம் கேட்கிற மாதிரி, மாதாட்ட போற ரயில என்ட புருசனே மறிச்சுப்போட்டார், இனி நான் ஆரப் பிடிச்சு மன்றாட என்றா. எல்லோரும் சிரித்தார்கள், ஒரு கிழவன் மட்டும் என்னை முறைத்துப் பார்த்தான்.

வண்டி திரும்புவதற்கு நேரமிருந்தது. அம்மா இறங்கிப் பிளாட்போம் முடிகிற இடத்தில் நிற்கிற வேப்பமரத்தடிக்குப் போனா, மழை விட்டிருந்தது, குந்தியிருந்து எங்கள் வீட்டுக் கதவுத் திறப்பால் மண்ணைக் கிண்டினா. செம்மண், ஈரம், நல்ல சிவப்பு. கைலேஞ்சியை விரித்து அதில் அள்ளி முடிந்தா, கரையில் நீலப்பூ வேலை செய்த அந்த வெள்ளைக் கைலேஞ்சி. என்ன செய்கிறீர் என்று கேட்டேன். இதும் மாதாட்ட போற வழி மண்தானே, நான் வெளிக்கிட்டு வந்தது அவவுக்குத் தெரியும், இடையில மறிச்சது நீங்க, அந்தப் பாவம் உங்கட பேர்ல என்றா. கொஞ்சம் பொறுத்து, பிள்ளைக்கிட்ட மடு மண் எண்டுதான் சொல்லுவன், நீங்க வாயத் திறக்கப்படாது, கொழும்புப் பிள்ளை, அவளுக்கு வித்தியாசம் தெரியவா போகுது என்றா. வீட்டுக்கு வந்து வெயிலில் காயவைத்து அரித்து சித்தாலேபப் போத்தலுக்குள் போட்டா. கொஞ்சத்தை எங்களுக்கும் வையும் என்று நான் பகிடிக்குச் சொன்னேன். எல்லாம் அவளுக்கே போகட்டும், தனியப் போறவள், நாங்க ரெண்டு பேர் இங்க இருக்கிறம்தானே, எங்களுக்கு என்ன வரப்போகுது என்றா. கைலேஞ்சியைச் சவுக்காரம் போட்டுத் தோய்த்தா, வெயிலில் போட்டா, திரும்பத் தோய்த்தா, கறை போகவில்லை. செட்டிகுளம் லேசில விடாது போல என்று சொல்லிச் சிரித்தா.

ஆகவே பிள்ளை, தொட்டிக்குள் போனது மடு மண் இல்லை. ஒரு ஸ்டேசனின் வேப்பமரத்தடி மண். நீ அம்மாவுக்குப் பொய் சொன்னாய், அம்மா உனக்குப் பொய் சொன்னா, இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் தைலப் போத்தலை நடுவில் வைத்துக்கொண்டு கதைத்திருக்கிறீர்கள், எனக்கு ஒரு பக்கப் பொய் மட்டும்தான் தெரிந்திருந்தது. அது உண்மையான மடு மண்ணாக இருந்து உன் தட்டில் பத்திரமாக இருந்திருந்தாலும் இங்கே ஒரு நுளம்பு கடித்துத்தான் இருக்கும். நீ படிக்கிறவள், பிளேற்லெற் விழுந்தால் என்ன நடக்கும் என்று எனக்கே விளங்கப்படுத்தியவள். உனக்கு ஆறுதலுக்காக இதை எழுதவில்லை, எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஒரு பழுது எங்கே இல்லை என்று தெரிந்தால் அங்கே தேடாமல் விடலாம், அதற்காக எழுதுகிறேன். உன்னிடத்தில் அந்தப் பழுது இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடக்கத்தன்று பெட்டியை மூடப் போகும்போது அனுஜன் மாமா சாமிப்படத் தட்டெல்லாம் துழாவிவிட்டு என்னிடம் வந்து, அத்தான், அக்கா போன வருசம் மடுவுக்குப் போனவதானே, வீட்டில ஒரு சொட்டு மண் இல்லையா, வெறுமையாவா அனுப்புறது என்று கேட்டார். வீடியோவில் நீ பார்த்துக்கொண்டிருந்தாய், அவர் போனை ஆரிடமோ கொடுத்துவிட்டு வந்ததால் அது உனக்குக் கேட்டிருக்காது. எல்லாம் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டா என்றேன். வேறு என்ன சொல்ல. அவர் போய்ப் பெட்டியின் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ மண்ணைப் பற்றிச் சொல்லும்வரை நான் அதை மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். உன் போனுக்குப் பிறகு, வருகிறது வரட்டும் என்று லீவு எடுத்துக்கொண்டு கோட்டையில் தலைமன்னார் வண்டி ஏறினேன். மடு மண் எடுத்துவர வேண்டும் என்றுதான் வெளிக்கிட்டேன்.

மடு றோட்டில் வண்டி நின்றது, நான் எழும்பவில்லை. ஒரு குடும்பம் பாயும் பையுமாக இறங்கியது, வாசலுக்கு வழி விட்டுக்கொண்டு நான் கதிரையில் இருந்தேன். அம்மா போக முடியாமல் திரும்பின இடத்துக்கு நான் மட்டும் போய் என்ன கேட்பது, எனக்கு அந்த மாதாவுடன் பழக்கமும் இல்லை. வண்டி வெளிக்கிட்டது. முருங்கன் வயல், பாலம், தண்ணீர், எல்லாம் அப்படியே இருந்தது. வெள்ளைக்காரப் பெடியனும் பெட்டையும் வாசலில் தொங்கிக்கொண்டு படம் எடுத்தார்கள். கழுதைகள் நின்றன. வடிவான இடம் என்று கண்ணுக்குத் தெரிகிறது, உள்ளே ஒன்றும் போகவில்லை, வேறு ஆரோ பார்த்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. துறையில் இறங்கித் தண்டவாளம் முடிகிற இடத்தில் இருந்தேன். பழைய பாலத்தின் இரும்புக் கால்கள் துருப்பிடித்துக் கடலுக்குள் நிற்கின்றன, அதற்கப்பால் ஒன்றும் இல்லை, தண்ணீர் மட்டும்தான். கப்பல் இருந்த காலத்தில் இங்கே வந்தவனுக்கு அடுத்தது என்ன என்று தெரிந்திருக்கும், ரிக்கற்றிலேயே எழுதியிருக்கும். எனக்கு நாளைக்கு என்ன செய்வது என்றும் தெரியவில்லை, அதற்கடுத்த வருஷம் என்ன செய்வது என்றும் தெரியவில்லை, நாற்பதும் சொச்சமும் வயது, எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று நினைக்கத்தான் பயமாக இருந்தது. ரயில் கார்ட் வந்து தோளில் தட்டி, மாத்தயா, யமு, போவோம் ஐயா என்று சிங்களத்தில் கூப்பிட்டார், வண்டி திரும்பப் போகிறது என்றார். எழும்பிப் போய் ஏறினேன். நீ போனில் கேட்டாயே, அப்பா, ஒன்றும் செய்துகொள்ள மாட்டீங்கள்தானே என்று. கூப்பிட்டால் எழும்பி வருகிறேன், இப்போதைக்கு அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும், ஆனால் அது உண்மை.

திரும்பும்போது செட்டிகுளத்தில் வண்டியை நிறுத்திப்போட்டார்கள், எதிரே கல் ஏற்றின வண்டி ஒன்று வருகிறது, ஒற்றை லைன், அது உள்ளே வந்து ஒதுங்கும்வரை நாங்கள் நிற்க வேண்டும். ராசிக் இன்னும் அங்கேதான். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு, சேர் வாங்க, பிளேன்ரீ குடிப்பம், மேடம் வரல்லையா, இந்தமுற லைன் நல்லாத்தானே கிடக்கு என்றார். இல்லை, வரவில்லை என்றேன். அடுத்தமுற கூட்டிக்கிட்டு வாங்க, மேடம் அண்டைக்கு உங்களப் பகிடி பண்ணினத நாங்க இன்னும் சொல்லிச் சிரிக்கிற என்றார். அவரிடம் நான் சொல்லவில்லை, அந்த ஒரு ஸ்டேசனிலாவது அம்மா இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ரீயைக் குடித்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய் வீட்டுத் திறப்பை எடுத்துக் கிண்டினேன். இந்தமுறை மண் காய்ந்து இறுகிக் கிடந்தது, திறப்பு வளைந்துவிடுமோ என்று பார்த்தேன். ராசிக் பின்னால் வந்து, எதுக்கு சேர் என்றார். பூச்சாடிக்கு என்றேன். கொழும்பில மண்ணுக்கும் தட்டுப்பாடா சேர், கேட்டிருந்தா ஒரு மூட்டை ஏத்தி விட்டிருப்பனே என்று சிரித்துக்கொண்டு ஒரு சொப்பின் பை கொண்டுவந்து தந்து தானும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

நேற்று அனுஜன் மாமாவோடு மாதம்பிட்டி சேமக்காலைக்குப் போனேன். மண்மேடு கொஞ்சம் அமர்ந்துவிட்டது, சிலுவையில் பெயர் வெயிலுக்கு மங்கத் தொடங்கிவிட்டது, கல் கட்டுவதற்கு இன்னும் காலம் விட வேண்டுமாம். தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை நான் அந்த மண்ணைத் தூவினேன். மடு மண்ணா அத்தான் என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் சிலுவை போட்டுவிட்டு முழந்தாளிட்டு அந்த மண்ணைத் தொட்டுக் கையை முத்தமிட்டார், அடக்கத்தன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. என்னுடைய கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அது என்ன மண் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், மாமாவிடம் சொல்லிவிடாதே, அம்மா என்னிடம் கேட்டதைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன். உன்னிடம் வாங்கித் தொட்டிக்குள் போட்டதும் அம்மாவுக்கு மேலே கிடக்கிறதும் ஒரே மரத்தடி மண். இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். எழுதிவைக்கிறேன்.

இனி நீ வருகிற விஷயம். வராதே பிள்ளை. அம்மா போன அன்றைக்கு, வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், வராதே என்று நான்தான் சொன்னேன், இன்றைக்கும் நானே சொல்கிறேன், அதற்காக என்னைக் கோபித்தாலும் பரவாயில்லை. நீ வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன், நான் சந்தோஷப்படுகிற மாதிரி இல்லை. இந்த பிளாட்டில் நீ ஒரு அறையிலும் நான் ஒரு அறையிலும் இருப்போம், நீ எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தருவாய், நீ உப்போ என்று கேட்டாலும் சீனியோ என்று கேட்டாலும் நான் ஓம் என்பேன், கொஞ்ச நாளில் உனக்கும் சிவப்பு விழுந்துவிடும். ஒற்றை லைனில் அடுத்த ஸ்டேசன்காரன் லைன் கிளியர் தந்தால்தான் வண்டியை விடலாம், இங்கால் வெள்ளம் என்று தெரிந்துகொண்டு ஒருவனும் தர மாட்டான். இங்கால் எப்போது வடியும் என்று எனக்குத் தெரியாது, வடியாமலும் போகலாம், உனக்கு மறைக்க விருப்பமில்லை. நீ அங்கே படி. அந்த மண்ணால்தான் என்று நினைத்து வெளிக்கிட்டாய் என்றால் அந்தக் காரணம் இப்போது இல்லை. அப்பாவுக்காக என்றால், அப்பாவுக்கு நீ அங்கே இருப்பதுதான் வேண்டும், எங்களில் ஒருவராவது இந்த வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கம்பஸில் நிற்பாட்டுவதாகச் சொல்லியிருந்தால் நாளைக்கே போய் இல்லை என்று சொல்லு.

இரவு டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே, ஆரையாவது கூட்டிக்கொண்டு வா. குளிருக்குக் காதை மூடு. சாப்பாட்டைத் தவறவிடாதே, நான் தவறவிடுகிறேன் என்று நீ தவறவிடத் தேவையில்லை. வருகிற ஞாயிறு போன் எடு, நான் கதைக்காவிட்டாலும் எடுப்பேன்.

பார்சலில் மிளகாய்த்தூள் இருக்கிறது, சிவக்கொழுந்து அன்ரி வறுத்து இடித்தது, கொண்டுவருகிற அவவின் மகனிடம் கார்ட்டில் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். அதோடு அம்மாவின் அந்தக் கைலேஞ்சி இருக்கிறது, அலுமாரியில் மடித்து வைத்திருந்தா, நடுவில் செட்டிகுளத்துக் கறை அப்படியே இருக்கிறது. அது கறைதான், மண் இல்லை, அதை எந்த அதிகாரியும் எறிய மாட்டான். அது உன்னைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். தோய்க்கவும் தோய்க்கலாம், போகாது.

பிள்ளையாரும், அம்மாவின் மாதாவும் உன்னோடு இருக்கட்டும், எனக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இருக்கட்டும்.

உன்னை நினைத்தபடி,
அப்பா.